கொள்ளும் கடிவாளமும்
(ஜலகண்டாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து தாரமங்கலம் போகாதவர்கள் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். கைலாசநாதர் கோயில் முன்மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் துள்ளி எழும் கல்குதிரைகளைச் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கெட்டி முதலிமார் காலத்து வேலை. நானும் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றவன்தான். "இந்தக் குதிரை என்னப்பா தின்னும்?" என்று கேட்டேனாம். "கல்குதிரைக்குத் தீனி எதுக்கு, நிசக் குதிரைக்குத்தான் கொள்ளு வேணும்" என்றாராம் அப்பா. இந்தப் பதில் வெகுகாலம் கழித்து, பழைய பட்டாளத்து வரலாறுகளைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்று நான் பேச வந்திருப்பது ஒரு குதிரைப்பட்டாளத்தைப் பற்றி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் குதிரைப்படையில் 1784இல் சென்னைக்குப் பக்கத்தில் கிண்டியில் திரட்டப்பட்ட பிரிவு அது. முதலில் இரண்டாம் எண். பிறகு எண்கள் மாறி, 'மூன்றாவது மதராஸ் குதிரைப்படை' என்று நெடுங்காலம் பெயர் நின்றது. 1903இல் 28ஆவது லைட் கேவல்ரி ஆயிற்று. 1922இல் 7ஆவது லைட் கேவல்ரி. அந்தப் பெயரோடு இன்றும் இந்தியத் தரைப்படையில் இருக்கிறது. குதிரை போய் டாங்கி வந்து எண்பது வருடம் ஆகிறது. பட்டாளம் அதேதான்.

இதன் வரலாற்றைப் படைக்காரர்கள் எழுதினால் போர்களின் பட்டியலாக எழுதுவார்கள். மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மகித்பூர், மெர்வ், இம்பால் என்று கொடியில் பொறித்த பெயர்கள். நான் அந்தக் கதையை இந்தச் சேலத்துச் சமவெளியில் நின்றுகொண்டு, தீனி போட்டவன் பக்கமிருந்து சொல்லப் பார்க்கிறேன். தாரமங்கலம், ஓமலூர், தொப்பூர், காவிரிபுரம் எல்லாம் இந்தக் கதையில் வழிப்போக்காக வருகிற பெயர்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க அந்த நினைப்பு மாறிவிட்டது.

முதலில், கம்பெனிக்கு ஏன் குதிரைப்படை தேவைப்பட்டது? அவர்களுடைய பலம் துப்பாக்கி பிடித்த காலாட்படை. வரிசை கட்டி நின்று சுட்டால் எதிரே யாரும் நிற்க முடியாது. ஆனால் ஹைதர் அலி அந்த வரிசைக்கு எதிரே நிற்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் வரும் மாட்டுவண்டிகளை, தானிய மூட்டைகளைத் தாக்கினார். 1769இல் ஆறாயிரம் குதிரைகளோடு மூன்றரை நாளில் 130 மைல் ஓடி வந்து பரங்கிமலைக்கு அருகில் நின்றபோது, கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1780இல் பொள்ளிலூரில் கம்பெனி அதிகாரி பெய்லியின் படை அழிந்தபோதும் அதே பாடம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று பார்த்துச் சொல்லக் குதிரை இல்லாத சேனை, கண்ணைக் கட்டிவிட்ட சேனை.

ஆற்காட்டு நவாப்பிடம் குதிரைப்படை இருந்தது, சம்பளம் கொடுக்கத்தான் அவரிடம் பணம் இல்லை. 1784இல் அவருடைய குதிரைப் பிரிவுகள் கம்பெனியின் கைக்கு மாறின. நிலுவைச் சம்பளம் கேட்டு அவற்றில் பெரும்பாலானவை கலகம் செய்தன, கலைக்கப்பட்டன. அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் மதராஸ் குதிரைப்படை முறையாக உருவாகத் தொடங்கியது. சம்பள பாக்கியில் பிறந்த படை என்றே சொல்லலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

குதிரைமேல் ஏறியவர்கள் யார்? பெரும்பாலும் தக்காணத்து முஸ்லிம்கள், ஆற்காட்டையும் கர்நாடகப் பகுதியையும் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள். அப்பன் பட்டாளத்தில் இருந்தால் மகனும் அதே பட்டாளத்தில் வளர்ந்தான். குடும்பம் மொத்தமும் பட்டாளத்து லயன்களிலேயே இருந்தது. நம் மொழிக்குக் குதிரைவீரன் புதியவன் அல்ல. 'ராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரைவீரன் என்றுதான் பொருள். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமான் குதிரை விற்க வந்ததை நினைத்துப் பாருங்கள். குதிரை நம் மண்ணில் பெருகியதில்லை. ஆனாலும் கடல் கடந்து வந்த அந்த விலங்கைத் தமிழன் கோயில் தூணிலும் ஐயனார் முன்னாலும் நிறுத்தி வைத்திருக்கிறான்.

சரி, குதிரைமேல் இருந்தவரைச் சொன்னேன். குதிரைக்குக் கீழே?

மதராஸ் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன் உண்டு. வடக்கே 'சைஸ்' என்பார்கள். அவனோடு ஒரு புல்லுக்காரனோ புல்லுக்காரியோ. பல நேரம் குதிரைக்காரனின் மனைவியே புல்லுக்காரி. படை எங்கே கூடாரம் போட்டாலும் இந்தப் பெண்கள் விடியுமுன் களைக்கொத்தோடு போய், அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறிக் கழுவி, தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். எதிரியின் குதிரைகள் சுற்றித் திரிகிற காட்டுக்குள் ஆயுதம் இல்லாமல் போனவர்கள் அவர்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு பேசிய ஒடுக்கப்பட்ட சாதிகளின் மக்கள். பட்டாளத்துப் பதிவேடுகளில் அவர்கள் 'பின்தொடர்வோர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஆண்டு ஆண்டாக, போர் போராக அந்த வரலாறுகளைப் புரட்டினேன். குதிரைப்படை அதிகாரியின் தோளில் பட்ட காயம்கூட எழுதியிருக்கிறது. ஒரு புல்லுக்காரியின் பெயரை நான் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்தது கொள்ளு. கொள்ளு இந்த மண்ணின் பயிர். மற்ற பயிருக்கெல்லாம் மழை காணாது என்று கைவிட்ட செவ்வல் சரளைக் காட்டில் கடைசியாக விதைப்பது. விதைத்தவன் மறந்தாலும் அது முளைக்கும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள், நம் வீட்டில் கொள்ளைக் கடைந்து சோற்றில் ஊற்றித் தின்போம். மதராஸ் ராணுவத்துக்கு அது குதிரைத் தீனி. வடக்கே குதிரைக்குக் கடலை, இங்கே கொள்ளு. ஆங்கிலத்தில் அதன் பெயரே 'ஹார்ஸ் கிராம்' ஆகிவிட்டது. பச்சையாகப் போட்டால் குதிரைக்கு வயிறு உப்பும் என்று பெரிய அண்டாக்களில் வேகவைத்து, ஆறவைத்துக் கொடுத்தார்கள். ஒரு குதிரைப்பட்டாளம் நகர்ந்தால் அதோடு கொள்ளு மூட்டைகளும், அண்டாவும், விறகும், வேகவைக்கிற ஆளும், மூட்டை சுமக்கிற எருதுகளும், அந்த எருதுகளுக்குத் தீவனமும் நகர வேண்டும். "கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கம்பெனி கடிவாளத்தை வைத்திருந்தது. கொள்ளு எங்கிருந்து வரும் என்பதுதான் மைசூர்ப் போர்களின் உள்கணக்கு.

அந்தக் கணக்கு நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்தார். கீழே சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டு ஆங்கிலேயக் குதிரைப்படையோடும் மதராஸ் குதிரைப் பிரிவுகளோடும் இருந்தார். செப்டம்பர் 13 அன்று பவானிக் கரையில் மோதல். கொங்குச் சீமையின் முள்வேலி கட்டிய காடுகளை நீங்கள் அறிவீர்கள், நுழைந்தால் திரும்ப வழி தெரியாது. அந்த வேலிகளுக்குள் குதிரைகள் அகப்பட்டுப் பெரும் சேதம் உண்டாயிற்று. மறுநாள் ஃபிளாய்டு கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் திப்புவின் சேனையும் அவரைத் துரத்தி வந்த ஜெனரல் மெடோஸின் சேனையும் தொப்பூர்க் கணவாய் வழியாக ஒன்றையொன்று ஒட்டி இறங்கின. இன்று தொப்பூர் என்றால் நமக்கு லாரி விபத்துதான் நினைவுக்கு வரும். அன்று அந்த மலையிடுக்கில் இரண்டு பெருஞ்சேனைகள், யானை, ஒட்டகம், பீரங்கி, ஆயிரக்கணக்கான எருதுகள் நெருக்கியடித்து இறங்கியிருக்கின்றன. அவை கடந்துபோன ஊர்களில் வைக்கோல்போர் ஏதாவது மிஞ்சியிருக்குமா? நவம்பர் மாதம், காட்டில் கதிர் நிற்கிற பருவம். இரு பக்கத்துக் குதிரையும் தின்றது நம் முன்னோரின் விளைச்சலைத்தான்.

அடுத்த ஆண்டு, 1791 மே மாதம். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய்விட்டார். அரக்கெரேயில் நடந்த போரில் வென்றும்விட்டார். ஆனால் கோட்டையை முற்றுகையிட முடியவில்லை. எருதுகள் செத்து விழுந்தன. குதிரைகள் எலும்பும் தோலுமாக நின்றன, ஏறி உட்கார்ந்தால் சுமக்கத் தெம்பில்லை. திப்பு வழியெங்கும் தீவனத்தை அழித்து வைத்திருந்தார். முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டுக் கவர்னர் ஜெனரல் திரும்பி நடந்தார். கையில் வெற்றி இருந்தும் குதிரைக்குப் போட ஒரு பிடி கொள்ளு இல்லாமல் ஒரு பேரரசின் சேனை திரும்பிய சம்பவம் அது. திப்புவின் போர்த்திறத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். எதிரியின் குதிரையைப் பட்டினி போட்டே விரட்டிய இந்தத் திறத்தை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

1792 உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பாரமகாலும் சேலமும் அப்போதுதான் கம்பெனி வசம் ஆயின. இந்தச் சீமையை ஆள வந்தவர் யார் தெரியுமா? கேப்டன் அலெக்சாண்டர் ரீட். பட்டாளக்காரர். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் பட்டாளக்காரர். காடு காடாக அளந்து, எந்த மண்ணில் எது விளையும், எவ்வளவு வரி போடலாம் என்று எழுதியவர்கள் இவர்கள்தான். பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறைக்கு அடிக்கல் இந்தச் சேலம் மாவட்டத்தில் விழுந்தது. ரயத்துவாரியை நாம் பொருளாதார வகுப்பில் படிக்கிறோம், குதிரைப்படையை ராணுவ வகுப்பில் படிக்கிறோம். ஓமலூர்ச் செவ்வல் காட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கையின் வேலை. ரீட் நிலத்தை அளந்த அந்த ஏழு வருடத்தில், எந்த ஊரில் எவ்வளவு தானியமும் எத்தனை எருதும் கிடைக்கும் என்பது கம்பெனிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அதன் பலன் 1799இல் தெரிந்தது. கம்பெனித் தளபதி ஹாரிஸின் சேனை வேலூரிலிருந்து புறப்பட்டு, ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி வளைத்தது. நம் மூன்றாவது மதராஸ் குதிரைப்படையும் அதில் இருந்தது. ஏப்ரல் நடுவில் அரிசி மூட்டைகளை நிறுத்துப் பார்த்தார்கள். கணக்கில் இருந்த அளவு மூட்டையில் இல்லை. மே மாதத் தொடக்கம் வரைக்குமே காணும் என்று தெரிந்தது. 1791 திரும்பவும் வரப்போகிறதோ என்ற பயம் ஹாரிஸைப் பிடித்துக்கொண்டது.

அப்போது மலைக்குக் கீழே ஒரு பெரிய தானியக் கூட்டம் திரண்டுகொண்டிருந்தது. எங்கே? நம் காவிரிபுரத்தில். இங்கிருந்து மேட்டூர் தாண்டினால் கொளத்தூர்ப் பக்கம் இருக்கிற அதே காவிரிபுரம்தான். கெட்டி முதலிமார் கோட்டை கட்டிக் காத்த கணவாய் வாசல் அது. ரீட் பாரமகாலிலிருந்தும், கர்னல் பிரவுன் திருச்சிப் பக்கமிருந்தும் வந்து கூடினார்கள். தானியம் சுமந்தவர்கள் பெரும்பாலும் பிரிஞ்சாரிகள், நாம் லம்பாடிகள் என்று சொல்கிறோமே அவர்கள். போர் நடக்கும் இரு பக்கத்துக்கும் தானியம் விற்று, யார் பக்கமும் சேராமல், எருதுகளோடு குடும்பத்தோடு நாடெங்கும் நடந்தவர்கள். அந்த எருதுக் கூட்டம் மலைமேல் ஏறி வரும்போது திப்புவின் குதிரைகள் சும்மா விடுமா? ஆகவே ஹாரிஸ், முற்றுகை உச்சத்தில் இருந்தபோதே, தம்மிடமிருந்த குதிரைப்படையின் பெரும்பகுதியை ஃபிளாய்டின் தலைமையில் காவிரிபுரக் கணவாயின் தலைப்புக்கு அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். நான்காம் மைசூர்ப் போரின் பெரும் நிகழ்ச்சி மே 4 அன்று கோட்டைச் சுவரில் நடந்தது. திப்பு சுல்தான் அங்கே வாளோடு விழுந்து கிடந்தார். அந்த நேரத்தில் மதராஸ் குதிரைப்படையின் பெரும்பகுதி அங்கே இல்லவே இல்லை. காவிரிபுரத்திலிருந்து ஏறி வருகிற சேலத்துத் தானியத்துக்குக் காவல் நின்றுகொண்டிருந்தது. தானியம் போய்ச் சேர்வதற்கு முன்னரே கோட்டை விழுந்துவிட்டது. ஆனாலும் கொடியில் 'ஸ்ரீரங்கப்பட்டணம்' என்று பொறித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் 'காவிரிபுரம்' என்று பொறித்திருக்க வேண்டும். அந்தப் பட்டாளம் 1799இல் செய்த உண்மையான வேலை அதுதான்.

1934இல் மேட்டூர் அணை கட்டி நீர் நிறைந்தபோது அந்தப் பக்கத்துப் பழைய ஊர்களும் தடங்களும் பல நீருக்கடியில் போயின. பண்ணவாடியில் தண்ணீர் வற்றும் வருடங்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும்போது நாமெல்லாம் போய்ப் பார்க்கிறோம். அந்த நந்திக்கு முன்னால் போன எருதுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி வேகமாகப் போகிறேன். 1803இல் அசாயில் மதராஸ் குதிரைப்படையின் வேறு பிரிவுகள் போரிட்டன. 1817 டிசம்பர் 21இல் மகித்பூரில், சிப்ரா நதிக்கரையில் ஹோல்கரின் சேனைக்கு எதிரே நம் மூன்றாவது பிரிவு நின்றது. இவற்றை நீங்கள் எந்தப் படை வரலாற்றிலும் படிக்கலாம்.

இரண்டு சம்பவங்களை மட்டும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. முதலாவது வேலூர், 1806 ஜூலை 10. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த செய்தி ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய ராணிப்பேட்டையில் இருந்த குதிரைப்படை முகாமுக்கு எட்டியது. அங்கிருந்த படை அதிகாரி கில்லஸ்பி ஆங்கிலேயக் குதிரைவீரர்களோடும், குதிரை இழுக்கும் பீரங்கிகளோடும் பாய்ந்து போனார். அவருக்குத் துணையாகப் போனது ஏழாவது மதராஸ் குதிரைப்படை. இன்றைய ஏழாவது பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. கம்பெனியின் சீருடைக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பை அடக்க, அதே சீருடை போட்ட இன்னொரு கூட்டம் குதிரையில் போனது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். இந்தப் படைப்பிரிவுகளின் வீரத்தை நாம் மெச்சும்போது இந்தக் காலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுச் சொல்கிற பெருமை எனக்கு வேண்டாம்.

இரண்டாவது 1857. எட்டாவது மதராஸ் குதிரைப்படையைப் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வரச்சொல்லி, கப்பலேற்றி வங்காளத்துக்கு அனுப்ப உத்தரவு. சென்னையை நெருங்கியதும் வீரர்கள் நின்றுவிட்டார்கள். சம்பளமும் படியும் பழைய விகிதத்தில் தராமல் நகர மாட்டோம் என்றார்கள். பூந்தமல்லியில் அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் குதிரையையும் வாங்கிக்கொண்டார்கள், பிறகு படை கலைக்கப்பட்டது. பேரரசர் பகதூர் ஷாவின் பெயரையோ கொழுப்புத் தடவிய தோட்டாவையோ அவர்கள் சொல்லவில்லை. கேட்டது கூலி. 1784இல் நவாப்பின் குதிரைவீரர்கள் கேட்ட அதே கூலி. நெசவு ஊரில் நின்று பேசுகிறேன், கூலி உயர்வு கேட்டு நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு எட்டுப் பிரிவுகள் நான்காகக் குறைந்தன.

இந்த இடத்தில் குதிரை யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். வடக்கே பெரும்பாலான குதிரைப்படைகளில் 'சில்லேதார்' முறை இருந்தது. சேருகிறவன் தன் குதிரையோடு வர வேண்டும், அல்லது அதற்கான தொகையைக் கட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதல் சம்பளம், ஆனால் குதிரையும் சேணமும் அவன் பொறுப்பு. குதிரை செத்தால் நட்டத்தில் பங்கு அவனுக்கும் உண்டு. நிலமுள்ள குடியானவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது ஒத்துவந்தது. மதராஸில் அப்படி இல்லை. குதிரை சர்க்காருடையது. ஏழை வீட்டுப் பையனும் சேரலாம். 1903க்குப் பிறகு இந்திய ராணுவத்தின் குதிரைப்படைகள் அனைத்திலும் இந்த முறையில் இருந்தவை மதராஸிலிருந்து வந்த மூன்றே பிரிவுகள்: 26, 27, 28. பழங்காலத்து மிச்சம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முதல் உலகப்போர் வந்தது. கடல்கடந்து வருடக்கணக்கில் போரிட, இழந்த குதிரைக்குப் பதில் உடனே குதிரை தர, சில்லேதார் முறையால் முடியவில்லை. போர் முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, எல்லாப் பிரிவுகளையும் மதராஸ் வழிக்கே கொண்டுவந்தார்கள்.

சர்க்கார் குதிரை என்றால் சர்க்கார் லாயம் வேண்டும். அதுவும் நம் பழைய சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை, ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேல் பரப்பு. ஓசூர் அப்போது சேலம் மாவட்டம்தான். குளிர்ச்சியான காற்று, நல்ல புல். அரேபியா, பாரசீக வளைகுடாப் பக்கத்துக் குதிரைகள் குறைந்துபோன காலத்தில், 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து குதிரைகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. 'வேல்ஸ்' என்ற பெயரிலிருந்து அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். சென்னையில் துறைமுகம் இல்லாத காலம். அலையில் ஆடுகிற கப்பலிலிருந்து குதிரையை இறக்குவதும், மாதக்கணக்கில் கடலில் நின்று வந்த அதன் கால்களைத் தேற்றுவதும் பெரும்பாடு. ஓசூரில் அவற்றுக்குப் புல் அறுத்தவர்களும், முதன்முதலில் கொள்ளு காட்டிப் பழக்கியவர்களும் நம் மாவட்டத்து மக்கள். கங்காருவின் நாட்டில் பிறந்த குதிரைக்குக் கொள்ளின் ருசி தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்! இன்று மத்திகிரியில் கால்நடைப் பண்ணை இருக்கிறது. போகிறவர்கள் அந்தப் பழைய கட்டடங்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பட்டாளத்துக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. மதராஸ் சேனையின் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்து, பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவு கட்டினார். 'போர்க்குடிகள்' என்று வடக்கே சில சாதிகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கும் கொள்கை பரவியது. 1891இல் நான்காவது மதராஸ் குதிரைப்படையைக் கலைத்தார்கள். மீதி மூன்றுக்கும் வடக்கிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். 1903இல் அப்போதைய தளபதி கிச்சனர் எண்களை மாற்றியபோது 'மதராஸ்' என்ற பெயரும் போயிற்று. நூறு வருடம் தங்களுக்காகப் போரிட்டவர்களைப் பார்த்து, உனக்குப் போரிடத் தெரியாது என்று சொன்னது அந்த அரசு. போரில்லாமல் அமைதியாக இருந்த மாகாணத்தின் படையை, சதா சண்டை நடந்த எல்லைப் படையோடு ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்பு அது. நியாயமற்ற தீர்ப்பு. இன்றுவரை சினிமாவிலும் பேச்சிலும் 'மதராஸிக்குப் பட்டாளம் எதற்கு' என்று கேட்கிறவர்களின் வாயில் ராபர்ட்ஸ்தான் பேசுகிறார்.

அப்படிப் பெயரை இழந்த 28ஆவது பிரிவு, 1915இல் கிழக்குப் பாரசீகத்துக்குப் போனது. ஜெர்மானிய ஒற்றர்கள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழையாமல் தடுக்கப் பாலைவனத்தில் காவல். 1918இல் அங்கிருந்து ரஷ்யப் புரட்சியின் நெருப்புக்குள்ளேயே நுழைந்தது. இன்றைய துர்க்மெனிஸ்தானில், ரயில் பாதையை ஒட்டித் துஷாக்கில் அக்டோபர் 14 அன்று போல்ஷெவிக் படையோடு மோதியது. மறு ஆண்டு ஜனவரியில் அன்னென்கோவோ என்ற இடத்தில் பனியில் போர். மெர்வ் என்ற பழம்பெரும் பட்டுப்பாதை நகரத்தின் பெயர் அதன் கொடியில் ஏறியது. கிண்டியில் பிறந்த பட்டாளம் லெனினுடைய வீரர்களோடு வாள்வீசியது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நடந்தது அதுதான். யாருக்காக அங்கே போனோம் என்று அந்த வீரர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

1922இல் 7ஆவது லைட் கேவல்ரி என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டு, இந்திய அதிகாரிகளை நியமிக்கத் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரிவுகளில் இதுவும் இதன் சகோதரப் பிரிவான 16ஆவது லைட் கேவல்ரியும் இருந்தன. அந்த 16ஆவதும் பழைய மதராஸ் குதிரைப்படைதான். இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய கவசப் படைப்பிரிவு என்ற பெயர் அதற்கு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதில் மறுபடி தெற்கத்தியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1965இல் பில்லோரா டாங்கிப் போரில் நின்றவர்களில் தமிழ் பேசியவர்களும் உண்டு. ராபர்ட்ஸின் தீர்ப்புக்கு அதுவே பதில், நான் வேறு எதுவும் சேர்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின் நடுவிலேயே குதிரைகள் போய்விட்டன. 7ஆவது பிரிவு 1944இல் இம்பாலில் ஸ்டூவர்ட் டாங்கிகளோடு போரிட்டது. கொள்ளு மூட்டைக்குப் பதில் பெட்ரோல் பீப்பாய். குதிரைக்காரனும் புல்லுக்காரியும் பட்டாளத்திலிருந்து மறைந்தார்கள். அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்தவர் இல்லை.

கடைசியாக ஒரு மலை. 1948. லடாக்குக்குப் போகும் வழியில் சோஜிலாக் கணவாய், 11,500 அடிக்கு மேல். எதிரி மேலே குகைகளில் உட்கார்ந்திருக்கிறான். செப்டம்பரில் இரண்டு முறை காலாட்படை ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. டாங்கி கொண்டுபோகலாம் என்றார் தளபதி திம்மையா. அந்த உயரத்தில் யாரும் டாங்கி கொண்டுபோனதில்லை. 7ஆவது லைட் கேவல்ரியின் டாங்கிகளை மேல்கூண்டு கழற்றி, எதிரிக்குத் தெரியாமல் மூடி மறைத்து, ஜம்முப் பக்கமிருந்து ஸ்ரீநகர் வழியாகப் பால்தல் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மேலே கோவேறுகழுதைத் தடம்தான் உண்டு. அதை டாங்கி ஏறும் பாதையாக வெட்டியது மதராஸ் சாப்பர்கள், நம் மதராஸ் பொறியாளர் படையினர். பனியிலும் குண்டுவீச்சிலும் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, கல் அடுக்கி வழி செய்தார்கள். நவம்பர் 1 அன்று லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் ஸ்பேரோவின் தலைமையில் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. மேலே இருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். லேவுக்கு வழி திறந்தது.

1799இல் காவிரிபுரத்துக் கணவாயில் அதே பட்டாளத்துக்குத் தானியம் ஏற்றிக்கொண்டு மலையேறியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சோஜிலாவில் பாதை வெட்டிய சாப்பர்களுக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் தெரியும். மேஜர் தங்கராஜு.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் காகிதமோ, பதக்கமோ, லாடமோ, சேணத்துப் பித்தளை வளையமோ கிடந்தால், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன், வந்து சொல்லுங்கள். குதிரைக்காரராகவோ புல்லுக்காரியாகவோ போனவரின் பெயர் யாருடைய வீட்டிலாவது வழங்கி வந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.